உங்க வீட்டு வாசலில் காற்றில் ஒரு மெசேஜ்... எழுதுவது யார், அழிப்பது யார்? ஏ.ஆர். மெசேஜிங் பற்றி முழு விளக்கம்

"உழைப்பாளர் சிலைக்கிட்ட வந்து நில்லு. உனக்கு ஒரு மெசேஜ் வெச்சிருக்கேன்."

நண்பர் இப்படிச் சொன்னால் முதலில் என்ன செய்வோம்? வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்போம். ஆனால் அங்கே எதுவும் வந்திருக்காது. மெரினாவுக்கே போய், சிலைக்கு எதிரே நின்று, போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால்தான் அந்த மெசேஜ் தெரியும். சிலைக்குப் பக்கத்தில் காற்றில் மிதப்பது மாதிரி, "பிறந்தநாள் வாழ்த்துகள்டா" என்று. அதே இடத்தில் நிற்கும் சுண்டல்காரருக்கு அது தெரியாது. போனைக் கீழே இறக்கினால் உங்களுக்கும் தெரியாது.

கேட்க ஜாலியாக இருக்கிறது இல்லையா? இப்போது இதையே கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். அந்த மெசேஜ் இருக்கும் இடம் மெரினா இல்லை, உங்க வீட்டு வாசல். எழுதியவர் உங்க நண்பர் இல்லை, யாரோ ஒருத்தர். அந்தத் தெருவில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டார்கள். உங்க போனில் அந்த ஆப் இல்லாததால் உங்களுக்கு மட்டும் விஷயமே தெரியாது.

இந்த இரண்டு காட்சிக்கும் பின்னால் இருப்பது ஒரே தொழில்நுட்பம்தான். அது எப்படி வேலை செய்கிறது, ஏற்கெனவே யார் யார் முயற்சி செய்தார்கள், அதனால் என்னென்ன வழக்குகள் வந்தன, நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏ.ஆர். மெசேஜிங் என்றால் என்ன?

ஏ.ஆர். என்பது ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதன் சுருக்கம். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். கண் முன்னால் இருக்கும் நிஜக் காட்சியின் மேல், கணினி உருவாக்கிய எழுத்தையோ படத்தையோ ஒட்டிக் காட்டுவதுதான் இது. நிஜ உலகத்தையே மறைத்துவிட்டு வேறொரு உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் வேறு. ஏ.ஆரில் தெரு தெருவாகவே இருக்கும், அதன் மேல் ஒரு அடுக்கு கூடுதலாகச் சேரும். அவ்ளோதான்.

இன்ஸ்டாகிராமில் முகத்தில் நாய்க் காது வைக்கும் ஃபில்டரும் ஏ.ஆர்.தான். ஆனால் அது உங்க முகத்தோடு ஒட்டிக்கொண்டு, நீங்க எங்கே போனாலும் கூடவே வரும். இடம் சார்ந்த மெசேஜ் அப்படி வராது. அது ஒரு இடத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் படிக்க நீங்கதான் அங்கே போகணும்.

சாதாரண மெசேஜுக்கு முகவரி என்பது ஒரு போன் நம்பர். இந்த மெசேஜுக்கு முகவரி அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், திசை. இந்த நான்கையும் எழுத்தோடு சேர்த்து ஒரு நிறுவனத்தின் சர்வரில் சேமித்து வைப்பார்கள். உண்மையில் காற்றில் எதுவும் இல்லை, எல்லாம் சர்வரில்தான் இருக்கிறது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வரும் எல்லாப் பிரச்னைக்கும் இதுதான் ஆரம்பம்.

நாம் நிற்கும் இடம் போனுக்கு எப்படித் தெரிகிறது?

முதல் கேள்வி, எங்கே நிற்கிறோம்? இதற்கு ஜி.பி.எஸ். இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நேரம் குறித்த சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். நேரக் கணக்கில் ஒரு விநாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினால்கூட, தூரக் கணக்கில் 300 மீட்டர் தவறிவிடும். அவ்வளவு நுணுக்கமான வேலை இது.

இரண்டாவது கேள்வி, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம்? இதற்கு போனுக்குள் காந்தமானி இருக்கிறது. நாம் காம்பஸ் என்று சொல்வது இதன் உதவியில்தான் வேலை செய்கிறது.

மூன்றாவது, போனை எப்படிப் பிடித்திருக்கிறோம்? நிமிர்த்தியா, சாய்த்தா, எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம்? இதைச் சொல்வது ஆக்சலரோமீட்டர், ஜைரோஸ்கோப் என்ற இரண்டு சென்சார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்தால், கேமரா எந்த இடத்திலிருந்து எதைப் பார்க்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் பார்வைக்குள் ஏதாவது மெசேஜ் இருந்தால், திரையில் சரியான இடத்தில் ஆப் அதை வரைந்து காட்டும்.

டீக்கடை மெசேஜ் மொபைல் கடையில் தெரிந்தால்?

"ஓரளவு" என்று சொன்னோம் அல்லவா? சிக்கலே அங்கேதான். திறந்த வானத்துக்குக் கீழே ஒரு ஸ்மார்ட்போனின் ஜி.பி.எஸ். துல்லியம் பொதுவாக சுமார் 5 மீட்டர். ஆட்டோ புக் பண்ண இது போதும். வண்டிக்காரர் போன் போட்டு "எங்க இருக்கீங்க?" என்று கேட்டுக்கொள்வார். ஆனால் டீக்கடை போர்டில் ஒட்டிய மெசேஜ் 5 மீட்டர் தள்ளிப்போனால், பக்கத்து மொபைல் கடை வாசலில் போய் நிற்கும். ரங்கநாதன் தெரு மாதிரி இரண்டு பக்கமும் கட்டடம் உயர்ந்த குறுகிய தெருவில் இன்னும் மோசம். சிக்னல் சுவர்களில் பட்டு எதிரொலித்து வருவதால் தூரக் கணக்கே மாறிவிடும்.

காம்பஸும் லேசுப்பட்டது இல்லை. பக்கத்தில் கார், இரும்புக் கம்பி, மின்சாரப் பெட்டி எது இருந்தாலும் குழம்பும். திசையில் 10 டிகிரி தவறினால், 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் எழுத்து மூன்றரை மீட்டர் நகர்ந்துவிடும்.

இதற்குத் தீர்வு கேமராவிலிருந்தே வந்தது. 2017-ல் ஆப்பிள் ஏஆர்கிட்டையும், கூகுள் ஏஆர்கோரையும் அறிவித்தன. கேமராவில் தெரியும் மூலைகள், விளிம்புகள் போன்ற அசையாத புள்ளிகளை இவை தொடர்ந்து கவனித்து, போன் எவ்வளவு நகர்ந்தது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். மேசை மேல் வைத்த ஏ.ஆர். பொம்மை, நாம் சுற்றி வந்தாலும் இடம் மாறாமல் நிற்பது இதனால்தான்.

அடுத்த கட்டம்தான் பெரியது. கேமராவில் தெரியும் கட்டடங்களை, ஏற்கெனவே எடுத்து வைத்த தெருப் படங்களோடு ஒப்பிட்டு, "இந்த ஜன்னல், இந்தத் தூண், அப்படியென்றால் நீ நிற்பது இங்கே" என்று கண்டுபிடிக்கும் முறை. இதை விஷுவல் பொசிஷனிங் என்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் கோயில் கோபுரத்தையும் பஸ் ஸ்டாண்டையும் பார்த்து வழி கண்டுபிடிப்பது மாதிரிதான். கூகுள் மேப்ஸில் 2019-ல் வந்த லைவ் வியூ, சாலையின் மேலேயே அம்புக்குறி போட்டு வழி காட்டுவது இந்த முறையில்தான். 2022-ல் இந்த வசதியைக் கூகுள் மற்ற ஆப் தயாரிப்பாளர்களுக்கும் திறந்துவிட்டது. ஸ்ட்ரீட் வியூ படங்கள் உள்ள இடங்களில் துல்லியம் பெரும்பாலும் சுமார் 1 மீட்டர் வரை கிடைக்கும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு.

அதாவது டீக்கடை மெசேஜை டீக்கடையிலேயே நிறுத்த முடியும். அதேபோல, ஒரு வீட்டைப் பற்றிய மெசேஜை அந்த வீட்டுக் கதவிலேயே நிறுத்தவும் முடியும்.

இது புது ஐடியாவா?

இல்லை. 1997-லேயே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனர் குழுவினர் ஒரு கருவி செய்தார்கள். முதுகில் கணினி மூட்டை, தலையில் கண்ணாடித் திரை, கூடவே ஜி.பி.எஸ். இதை மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடந்தால், கட்டடங்களின் மேல் அவற்றின் பெயர் தெரியும்.

பொதுமக்களின் கைக்கு ஜி.பி.எஸ். உருப்படியாக வந்து சேர்ந்தது 2000-ல். அதுவரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. அடுத்த சில நாள்களிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுப் பகுதியில் ஒரு டப்பாவைப் புதைத்து, அதன் ஜி.பி.எஸ். எண்களை இணையத்தில் போட்டார். "முடிந்தால் கண்டுபிடிங்க" என்ற அந்த விளையாட்டுதான் இன்று உலகம் முழுக்க நடக்கும் ஜியோகேச்சிங். இடத்தோடு மெசேஜை ஒட்டும் ஆசை அப்போதே தொடங்கிவிட்டது.

காம்பஸ் உள்ள ஸ்மார்ட்போன்கள் வந்ததும் ஏ.ஆர். ஆப்களும் வந்தன. 2008-ல் ஆஸ்திரியாவின் விக்கிட்யூட், 2009-ல் நெதர்லாந்தின் லேயார். ஆனால் மெசேஜ் என்ற விஷயத்தில் முக்கியமானது ஜப்பானின் செகாய் கேமரா. டோன்சிடாட் என்ற நிறுவனம் 2009 செப்டம்பரில் ஐபோனுக்கு வெளியிட்டது. "செகாய்" என்றால் ஜப்பானிய மொழியில் உலகம். எந்த இடத்திலும் எழுத்து, படம், குரல் பதிவு என எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். அதற்கு ஏர் டேக் என்று பெயர். அடுத்து வருபவர் கேமராவைத் தூக்கினால் பார்க்கலாம். இந்தக் கட்டுரையின் முதல் காட்சியில் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதேதான்.

2014 ஜனவரியில் அந்தச் சேவை மூடப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் படிக்கிறோம். காற்றில் எழுதிய ஏர் டேக்குகளுக்கு ஆயுள் நாலரை வருஷம்கூட இல்லை. எழுதியவர் இருக்கிறார், எழுதிய இடமும் இருக்கிறது, ஆனால் சர்வர் போனால் மெசேஜும் போச்சு.

அப்போ இது ஏன் வாட்ஸ்அப் மாதிரி பரவவில்லை?

காரணங்கள் எளிமையானவை. ஒன்று, கை வலிக்கும். போனைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே யாரும் தெருவில் நடப்பதில்லை. நடந்தால் பள்ளத்தில் விழணும், இல்லை வண்டியில் அடிபடணும். இரண்டு, பேட்டரி. கேமரா, ஜி.பி.எஸ்., இன்டர்நெட் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் சார்ஜ் வேகமாக இறங்கும். மூன்று, ஆள் கூட்டம். ஊர் முழுக்க இரண்டு பேர்தான் எழுதியிருந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரே இடத்தில் 200 பேர் எழுதினால், ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதையும் படிக்க முடியாது. நான்கு, எங்கே மெசேஜ் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். தெரியாமல் யாரும் போய்த் தேட மாட்டார்கள்.

இந்தக் கடைசிச் சிக்கலை 2016 ஜூலையில் வந்த ஒரு விளையாட்டு தீர்த்தது. அதுதான் போகிமான் கோ. "அங்கே போ" என்று சொல்ல அதனிடம் ஒரு காரணம் இருந்தது. கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போன பிறகுதான் வேறு கேள்விகள் வந்தன.

போகிமான் கோ கற்றுத்தந்த பாடம்

போகிமான் கோவைத் தயாரித்த நியான்டிக் நிறுவனம், முதலில் கூகுளுக்குள் தொடங்கி 2015-ல் தனியாகப் பிரிந்தது. அதன் முந்தைய விளையாட்டு இன்கிரஸ். ஊரில் உள்ள சிலைகள், நினைவுச் சின்னங்கள், கோயில்கள், சர்ச்சுகள் போன்ற இடங்களை அந்த விளையாட்டின் வீரர்களே பரிந்துரைத்தார்கள். அந்தப் பட்டியல்தான் பின்னர் போகிமான் கோவில் வீரர்கள் கூடும் போகிஸ்டாப்களாக மாறியது. அந்த இடங்களின் பொறுப்பாளர்களை யாரும் கேட்கவில்லை.

விளைவு? வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையும் "இங்கே வந்து விளையாடாதீங்க" என்று வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. அணுகுண்டில் இறந்தவர்களை நினைவுகூரும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவும் தன்னை விளையாட்டிலிருந்து நீக்கச் சொன்னது. இந்தியாவில் அந்த விளையாட்டு அதிகாரப்பூர்வமாக வருவதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், வழிபாட்டுத் தலங்களில் முட்டைகள் காட்டப்படுவது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்ற பொதுநல மனு மீது குஜராத் உயர் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

மிசோரி மாநிலத்தின் ஓஃபாலன் நகரில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. விளையாட்டில் ஒரு இடத்துக்கு ஆள்களை ஈர்க்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தி, வந்தவர்களிடம் துப்பாக்கியைக் காட்டி வழிப்பறி செய்ததாகச் சிலரை அந்நகர போலீசார் கைது செய்தனர். "இங்கே வா, உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்ற மெசேஜ் எப்போதும் நண்பரிடமிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது.

வீட்டு வாசல் யாருடையது? நீதிமன்றங்கள் சொன்னது

தங்கள் வீட்டுப் பக்கத்தில் போகிஸ்டாப் வைத்ததால் அந்நியர்கள் வாசலிலும் தோட்டத்திலும் திரிகிறார்கள் என்று அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019-ல் அது சமரசத்தில் முடிந்தது. புகார் வந்தால் 15 நாளில் தீர்த்துப் பதில் சொல்ல முயல வேண்டும், தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருந்தால் உரிமையாளர் கேட்கும்போது நீக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். வைப்பதற்கு முன் அனுமதி கேட்கணும் என்று இல்லை. வைத்த பிறகு, நீங்க கண்டுபிடித்து, நீங்க புகார் செய்தால் எடுப்பார்கள்.

சரி, முன் அனுமதி கேட்கச் சொல்லி சட்டம் போட்டால்? விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி கவுன்ட்டி அதைச் செய்து பார்த்தது. பூங்காவில் கூட்டமும் குப்பையும் தாங்காமல், ஏ.ஆர். விளையாட்டு வெளியிடுபவர்கள் முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்று 2017-ல் விதி போட்டது. ஒரு சிறு நிறுவனம் வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதித்தது. ஏ.ஆர். விளையாட்டும் ஒரு வகைக் கருத்து வெளிப்பாடுதான், அதற்கு முன் அனுமதி கேட்பது பேச்சுரிமையைப் பாதிக்கும் என்பது காரணம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் கஷ்டம். 2017 அக்டோபரில் புகழ்பெற்ற சிற்பி ஜெஃப் கூன்ஸின் பலூன் நாய்ச் சிற்பத்தை, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஏ.ஆர். வடிவில் ஸ்நாப்சாட் வைத்தது. உடனே செபாஸ்டியன் எராசுரிஸ் என்ற கலைஞர், அதே சிற்பத்தின் மேல் கிராஃபிட்டி கிறுக்கிய மாதிரி ஒரு வடிவம் செய்து, அதே ஜி.பி.எஸ். புள்ளியில் வைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். பொது இடத்தின் காற்றை ஒரு நிறுவனம் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

இன்னொரு கலைஞரின் வேலையையும் சொல்லணும். ஜான் கிரெய்க் ஃப்ரீமேன், அமெரிக்க - மெக்சிகோ எல்லையைக் கடக்க முயன்று பாலைவனத்தில் இறந்தவர்களின் உடல்கள் கிடைத்த இடங்களில், ஏ.ஆர். எலும்புக்கூடு உருவங்களை வைத்தார். எந்த அரசும் அங்கே நினைவுக் கல் வைக்கப் போவதில்லை. அனுமதி வாங்கித்தான் எழுதணும் என்றால் இப்படிப்பட்ட நினைவிடங்கள் வந்திருக்காது. அனுமதியே வேண்டாம் என்றால் உங்க வீட்டு வாசலில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்.

சுவர் என்றால் நமக்குத் தெரியும்

தமிழ்நாட்டில் சுவர் பிடிப்பது பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்சிப் பெயரைப் போட்டு, இந்தச் சுவர் எங்களுக்கு என்று எழுதி வைத்துவிடுவார்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க இங்கே 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தல் நேரத்தில் தனியார் சுவரில் எழுத உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் எழுதினால், குறைந்தபட்சம் நாம் பார்க்கிறோம். திட்டிக்கொண்டே ஒரு வாளி சுண்ணாம்பை எடுத்து வெள்ளையடித்துவிடலாம்.

காற்றில் எழுதினால் அந்த இரண்டுமே முடியாது. ஆப் இல்லாதவருக்கு எழுத்தே தெரியாது, தெரிந்தாலும் அழிக்கும் பட்டன் அவர் கையில் இல்லை. தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவில், அல்லது ஒரு குறிப்பிட்ட சமூகத்தினர் வாழும் தெருவின் முனையில், கேவலமான ஒரு மெசேஜை யாராவது ஒட்டினால்? நம் நாட்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்களில் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், அவரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுக்க, இப்படி ஒன்று இருக்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே!

நல்ல பக்கமும் உண்டு. பழைய கோயில், கோட்டைச் சுவர்களில் இதயம் வரைந்து பெயர் செதுக்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருந்தும் நிற்கவில்லை. அந்தப் பெயர்களை ஏ.ஆரில் எழுதினால் கல்லுக்கு ஒரு கீறல்கூட விழாது.

படிப்பவரையும் யாரோ படிக்கிறார்கள்

எழுதுபவர் பற்றியே பேசினோம். படிப்பவருக்கு என்ன ஆகிறது? நோட்டீஸ் போர்டைப் படித்தால், யார் படித்தார்கள் என்று போர்டுக்குத் தெரியாது. ஏ.ஆர். மெசேஜில் அப்படி இல்லை. "நான் இங்கே நிற்கிறேன், பக்கத்தில் என்ன இருக்கு?" என்று உங்க போன் சர்வரைக் கேட்டால்தான் மெசேஜே வரும். அதாவது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்பதைச் சொல்லாமல் ஒரு மெசேஜைக்கூடப் படிக்க முடியாது. விஷுவல் பொசிஷனிங் என்றால் கேமரா பார்ப்பதன் விவரமும் சேர்ந்து போகும்.

இந்த விவரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.ஆர். அல்லாத ஆப்களிலேயே உதாரணம் இருக்கிறது. உடற்பயிற்சி ஆப்பான ஸ்ட்ராவா, எங்கெங்கே மக்கள் ஓடுகிறார்கள் என்று பெயர் இல்லாமல்தான் ஒரு வரைபடம் வெளியிட்டது. அதிலிருந்து ராணுவ முகாம்களின் இருப்பிடம் தெரிகிறது என்று 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களோடு பெயர் சொல்லாமல் பேசும் யிக் யாக் ஆப்பில், பதிவிட்டவர் நின்ற துல்லியமான இடத்தை எடுக்க முடியும் என்ற ஓட்டை 2022-ல் வெளியானது.

தரவு கைமாறுவதும் உண்டு. போகிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்பதாக 2025 மார்ச்சில் நியான்டிக் அறிவித்தது. ஸ்கோப்லியின் உரிமையாளர் சவுதி அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான நிறுவனம். வரைபடத் தொழில்நுட்பம் மட்டும் நியான்டிக் ஸ்பேஷியல் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. வீரர்கள் விருப்பப்பட்டு போனால் ஸ்கேன் செய்து கொடுத்தவை உட்பட, 1 கோடி இடங்களின் பதிவுகள் தன்னிடம் இருப்பதாக 2024 நவம்பரில் நியான்டிக் சொல்லியிருந்தது. விளையாட்டுக்காகத் தெருவைப் படம் எடுத்தவர், அது நாளை யார் கைக்குப் போகும் என்று யோசித்திருப்பாரா?

நம் ஊரில் இது வருமா?

அடித்தளம் வந்துவிட்டது. முன்பு பாதுகாப்புக் காரணங்களால் நிறுத்தப்பட்ட கூகுள் ஸ்ட்ரீட் வியூ, 2022 ஜூலையில் இந்திய நிறுவனங்களான ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா எடுத்த படங்களோடு 10 நகரங்களில் மீண்டும் வந்தது. அதில் சென்னையும் ஒன்று. தெருப் படம் எடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்கள்தான் செய்ய வேண்டும் என்பது 2021-ன் வழிகாட்டுதல். படம் இருக்கும் தெருவில் மெசேஜ் கதவிலேயே நிற்கும். படம் இல்லாத ஊரில் பழைய 5 மீட்டர் கணக்குதான்.

சட்டத்தில், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. உங்க தரவை எதற்கு எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் பார்க்கும் வாய்ப்பையும் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். ஆனால் இவை எல்லாம் ஆப்பைப் பயன்படுத்துபவரின் தரவைப் பற்றியவை. ஆப்பையே தொடாத ஒருவரின் வீட்டு வாசலில் யார் எழுதலாம் என்ற கேள்விக்கு அதில் நேரடிப் பதில் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. லொகேஷன் பெர்மிஷன் கேட்கும்போது "எப்போதும்" என்பதைக் கொடுக்காதீங்க. "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" அல்லது "இந்த முறை மட்டும்" போதும்.

2. ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் துல்லியமான இடத்துக்குப் பதில் தோராயமான இடத்தை மட்டும் தரும் வசதி இருக்கிறது. ஏ.ஆர். மெசேஜுக்குத் துல்லியமான இடம் தேவைப்படும். பயன்படுத்தி முடித்ததும் மாற்றிவிடுங்க.

3. வீடு, பள்ளி, ஹாஸ்டல் வாசலில் நின்று மெசேஜ் போடாதீங்க. தினமும் ஒரே இடத்திலிருந்து போட்டால், உங்க முகவரியை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

4. முன்பின் தெரியாதவர் "இந்த இடத்துக்கு வா, மெசேஜ் இருக்கு" என்றால் தனியாக, இருட்டிய பிறகு போக வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்க.

5. வேறொருவரின் வீடு, கடை பற்றித் தவறாக எழுதியிருப்பதைப் பார்த்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆப்பில் ரிப்போர்ட் செய்யுங்க. முக்கியமாக, அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்க. அவருக்கு அது தெரிய வேறு வழி இல்லை.

6. மிரட்டல், ஆபாசம், பின்தொடர்தல் என்றால் தாமதிக்காமல் போலீசில் புகார் கொடுங்க. இணையக் குற்றங்களுக்கான தேசியத் தளத்திலும் பதியலாம், 1930 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

7. பாதுகாத்து வைக்க வேண்டிய நினைவை, அது அப்பாவின் குரலோ கல்யாண நாள் வாழ்த்தோ, இப்படிப்பட்ட ஆப்பில் மட்டும் வைக்காதீங்க. ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும்.

இன்று போனைத் தூக்கிப் பிடிக்கணும் என்பதால் பலர் இந்தப் பக்கம் வரவில்லை. அதே வேலையைக் கண்ணாடியிலேயே செய்ய பெரிய நிறுவனங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. கை வலி என்ற தடை போய்விட்டால், தெருவில் நடக்கும்போதே எல்லாம் கண்ணில் படும். அதற்குள் ஒரு சாதாரண விதியையாவது கேட்டுப் பெற வேண்டும். என் வீட்டு வாசலில் யாராவது எழுதினால், அந்த ஆப் என்னிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எனக்குத் தெரிய வேண்டும். அழிக்கச் சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டும். சுவருக்கு இருக்கும் அந்த உரிமை, அதற்கு முன்னால் இருக்கும் காற்றுக்கும் வேண்டும்.